வாய் திறந்த சிங்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்காக நான் ஆப்பிரிக்கா போகவில்லை. கோரிப்பாளையம் வரைக்கும்தான் போனேன்.

எங்கள் வீட்டு மாடி காலியாகி இரண்டு மாதமாகியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. 'வீடு வாடகைக்கு' என்று சின்னதாக ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கலாமென்று கிளம்பினேன். கடையில் டிசைன் போடும் தம்பி பீமாராவ் எனக்குப் பழக்கம். அவனுடைய கம்ப்யூட்டரில் வெள்ளை வேட்டி சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நிறுத்த ஒரு சிங்கம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க மச்சான்க்கா," என்றார் ஆர்டர் கொடுக்க வந்திருந்தவர். பெயர் தங்கப்பாண்டி. "எழுமலைல தண்ணி மோட்டார் கடை வச்சிருக்காரு, வெள்ளைத்துரைன்னு. கம்பெனிக்காரன் டீலர் டூரு கூட்டிட்டுப் போறான். பேங்காக்குன்னு நெனைக்காதீக, ஆப்பிரிக்கா! சிங்கம் பாக்க! அவரும் எங்க அக்காவும் நாளைக்குக் கெளம்புறாக."

திரையில் வாசகம் தயாராக இருந்தது: 'காட்டு ராஜாவை நேரில் கண்டு திரும்பும் எங்கள் ராஜாவே, வருக!'

"நாளைக்குத்தானே போகிறார்? அதற்குள் கண்டுவிட்டாரா?" என்று கேட்டேன்.

"வாரப்ப கட்டியிருக்கணும்லக்கா. இப்பவே கட்டுனாத்தான் பஸ்ஸ்டாண்டுல நல்ல எடம் கெடைக்கும்."

பீமாராவ் இரண்டு சிங்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று வாயை மூடிக்கொண்டு எங்கேயோ பார்த்தது. இன்னொன்று வாயை ஆவென்று திறந்திருந்தது. "எழுதுறவுக நீங்க சொல்லுங்கக்கா, எது நல்லாருக்கு?"

வாய் திறந்தது என்றேன். யோசிக்கவே இல்லை.

ஃப்ளெக்ஸின் அடியில் தங்கப்பாண்டியும் அவருடைய நண்பர்களும் வட்ட வட்டப் படங்களாக வரிசை கட்டினார்கள். "உங்கள் அக்கா படம் எங்கே?" என்று கேட்டேன். தங்கப்பாண்டிக்கு என் கேள்வியே புரியவில்லை. "அக்காவா? அவுகள எதுக்கு ஃப்ளெக்ஸ்ல போட்டுக்கிட்டு?" என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு.

அந்த அக்காவின் பெயர் அன்னக்கொடி. ஃப்ளெக்ஸில் இடம் கிடைக்காததால் கதைக்குள் வந்துவிட்டாள்.

2

சவானாவின் பொன்னிறப் புல்வெளியில் கதிரவன் மெல்லத் தன்

(நிறுத்திவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

அன்னக்கொடிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சிங்கத்தை

(இதுவும் பொய். தமுக்கம் மைதானத்தில் ஒரு சர்க்கஸ் வைத்து, அதில் கூண்டுக்குள் ஒரு கிழட்டுச் சிங்கத்தை அடைத்து, அதன் முன்னால் பாவாடை சட்டையில் அவளை நிறுத்தி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அடித்துவிட்டேன். கதைகளில் ஆண்கள் சும்மா மலை ஏறுகிறார்கள், சும்மா கடல் தாண்டுகிறார்கள், ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. ஒரு பெண் சிங்கம் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் ஃப்ளாஷ்பேக் வேண்டுமா? அவளுக்கு ஆசை. அவ்வளவுதான்.)

டூருக்காக மோட்டார் கம்பெனி வைத்த விற்பனை டார்கெட்டை எட்டிப் பிடித்தது அன்னக்கொடிதான்.

இது நிற்கும் என்று நினைக்கிறேன். மேலே போகலாம்.

கடைப் பலகையில் வெள்ளைத்துரை பெயர்தான். கல்லாவில் உட்காருவது அன்னக்கொடி. அவர் காதுகுத்து, கல்யாணம், எழவு என்று ஒன்று விடாமல் போய் ஊரெல்லாம் சிரித்துப் பேசிவிட்டு வருவார். அந்தச் சிரிப்பை எல்லாம் மோட்டாராக விற்பது அவள் வேலை. வெள்ளைத்துரை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எழுதுவது சுலபம். அந்த அதிர்ஷ்டம் எனக்கு வாய்க்கவில்லை.

முன்பெல்லாம் டூர் என்றால் டீலர்கள் மட்டும் போவார்கள். இந்த முறை கம்பெனி ஜோடியாக வரச் சொல்லிவிட்டது. "அன்னம், ரெண்டு பேரும் சிங்கம் பாக்கப் போறோம்," என்று அவர் வந்து சொன்னபோது, பில் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து "நெசமாவா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "நெசமாவா?" என்றாள்.

இங்கே ஒரு தகவலை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு நான் மறுபடி ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். (மாடிக்கு இன்னும் ஆள் வரவில்லை.) பீமாராவ் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "வெள்ளைத்துரை அண்ணே கடைக்குத் தனியா வந்தாருக்கா. போன எடத்துல சிங்கமே வரலையாம். அதே வாய் தொறந்தத ஒரு ஃபோட்டோல சேத்துக் குடுன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு."

அவருக்கு வரவில்லை. சரி. அவளுக்கு? இந்தக் கேள்வியிலிருந்துதான் மீதிக் கதையை எழுத ஆரம்பித்தேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை. குறைந்தபட்சம், எழுதும்போது அப்படித்தான் நினைத்தேன்.

3

கென்யா. கூரை திறந்த வண்டி. கண்ணுக்கு எட்டிய தூரம் காய்ந்த புல், நடுநடுவே முள் மரங்கள்.

"என்னடி இது, நம்ம கருவேலங்காடு மாதிரில்ல இருக்கு," என்றார் வெள்ளைத்துரை. "இதுக்கா ஏரோப்ளேன்ல வந்தோம்?"

(குடை விரித்த மாதிரி நிற்கும் அந்த மரமும் வேல மரத்துக்குச் சொந்தம்தானாம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்தேன். கதைக்கு உபயோகமில்லை. இருந்தாலும் பட்ட பாட்டை எங்கேயாவது காட்டிக்கொள்ள வேண்டாமா?)

அன்னக்கொடிக்குக் கருவேலங்காடாகத் தெரியவில்லை. மாடு மேய்க்க ஆளில்லாமல், வேலி இல்லாமல், மோட்டார் ரூம் இல்லாமல் இம்புட்டு நிலம் சும்மா கிடக்கிறதே என்று வாய் பிளந்து பார்த்தாள். பார்த்தது கொஞ்ச நேரம்தான். ஒட்டகச்சிவிங்கி வந்துவிட்டது.

"அன்னம், எடு எடு. நானும் அதுவும் தெரியணும். தல முழுசா வரணும்."

ஒட்டகச்சிவிங்கியின் தலையும் வெள்ளைத்துரையின் தலையும் ஒரே படத்தில் வருவது லேசுப்பட்ட காரியமில்லை. அவள் போனைத் தூக்கி, இறக்கி, சாய்த்து ஒரு வழியாக எடுத்து முடித்தபோது ஒட்டகச்சிவிங்கி போய்விட்டது. வரிக்குதிரைக்கும் அப்படித்தான். யானைக்கும் அப்படித்தான். எல்லாவற்றையும் போன் திரையில், புருஷன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

சிங்கம் மட்டும் வரவே இல்லை. தங்கப்பாண்டி தினமும் போன் போட்டார். "மச்சான், சிங்கம்?" ஃப்ளெக்ஸைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அன்னக்கொடி அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, அடியில் இருந்த ஒவ்வொரு வட்டமாக நகர்த்திப் பார்த்தாள். தம்பிக்கு பைக் ரிப்பேர் பார்க்கும் பையன்கூட இருந்தான்.

"நல்லாருக்கு," என்றாள்.

வெள்ளைத்துரைக்கு அது காதில் விழவில்லை. "பஸ்ஸ்டாண்டுல கட்டிப்புட்டாய்ங்க அன்னம். பாக்காமப் போயி எந்த மூஞ்சியோட எறங்குறது?" என்றார். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. அவளுக்குப் பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

4

கடைசி நாள் காலை. மற்ற டீலர்கள் பெட்டி கட்ட வேண்டும் என்று அறையிலேயே தங்கிவிட்டார்கள். இவர்கள் இருவர் மட்டும் வண்டி ஏறினார்கள். வண்டி குலுக்கலுக்குப் பயந்து வெள்ளைத்துரை வாந்தி மாத்திரை போட்டிருந்தார். தூக்கமில்லாத உடம்பு, மாத்திரையும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச தூரத்திலேயே தலை சாய்ந்து, வாய் திறந்து தூங்கிவிட்டார்.

டிரைவர் ஜோசஃப் ஒரு புதருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். விரலை மட்டும் நீட்டினார்.

[இந்த இடத்தில் ஒரு சிங்கம் இருந்தது. முழுதாக ஒரு பக்கம். எடுத்துவிட்டேன்.]

ஜோசஃப் திரும்பி, தூங்குகிறவரைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். எழுப்பட்டுமா என்று அர்த்தம். அன்னக்கொடியின் கை புருஷனின் தோள் வரைக்கும் போனது. தொடவில்லை. அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள்.

ஏன்?

முதலில், ஃப்ளெக்ஸில் தன்னைப் போடாததற்குப் பழிவாங்கினாள் என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் சீரியல் மாதிரி இருந்தது. பிறகு, அசந்து தூங்குகிறவரை எழுப்ப மனசு வரவில்லை என்று எழுதினேன். அவளைக் கொண்டுபோய்ப் பூஜை அறையில் மாட்டிய மாதிரி ஆகிவிட்டது. பிறகு, சிங்கத்தைப் பார்த்த பிரமிப்பில் அவள்

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. உசிலம்பட்டிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து எழுமலைக்குப் போய்விட்டேன்.

5

கடையில் நுழைந்ததும் எதிரே ஒரு ஃப்ரேம். காய்ந்த புல், வெள்ளைத்துரை, பக்கத்தில் என் சிங்கம். வாய் அப்படியே திறந்திருந்தது.

கல்லாவில் இருந்தவளிடம் கதை எழுதுகிறவள் என்று சொன்னேன். "டீச்சருங்களா?" என்றாள். இல்லை என்று சொன்னதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நான் கொண்டுபோன தாள்களை பில்லுக்கும் பில்லுக்கும் நடுவே படித்தாள். நாலாம் பகுதிக்கு வந்ததும் அவள் முகம் மாறியது. வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"தூங்குனது உங்களுக்கு எப்புடித் தெரியும்? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன்."

தாள்களைக் கல்லாமேல் வைத்தாள். பிறகு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இதோ, முடியவில்லை.

"எழுப்பலைங்குறதுக்கு என்னென்னமோ போட்டிருக்கீக டீச்சர். அம்புட்டெல்லாம் ஒண்ணுமில்ல. எழுப்புனா என்ன செய்வாரு? 'அன்னம், எடு எடு, நானும் அதுவும் தெரியணும்'பாரு. நானும் போனத் தூக்கிருவேன். அம்புட்டுத் தூரம் போயி, சிங்கத்தையும் போனுக்குள்ளயா பாக்குறது?"

ஒட்டகச்சிவிங்கிப் படம் எடுத்ததை நானேதான் எழுதியிருந்தேன். எழுதியவளுக்கு இது தோன்றவில்லை.

பிறகு சிங்கத்தை விவரித்திருந்த பக்கத்தை எடுத்தாள். என் ஆகச் சிறந்த பக்கம் என்று நான் நம்பியிருந்த பக்கம். படித்துவிட்டுச் சுவரில் இருந்த ஃப்ரேமை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது அதுதான். அந்த வாய் தொறந்தது. நான் பாத்தது இது இல்ல."

"அப்படியானால் அது எப்படி இருந்தது?"

"அத நான் எதுக்குச் சொல்லணும்?" கோபமே இல்லாமல் சொன்னாள். "பேர மாத்திக்கங்க, ஊர மாத்திக்கங்க. தூங்குனதக்கூட எழுதிக்கங்க. சிங்கத்த மட்டும் எடுத்துருங்க டீச்சர். எங்கிட்ட அது ஒண்ணுதான் தனியா இருக்கு. அவரு கேட்டாலும் சொல்லிராதீக."

எடுத்துவிட்டேன். பெயர்களையும் ஊரையும் மாற்றிவிட்டேன். நீங்கள் எழுமலையில் போய்த் தேடினால் அன்னக்கொடி கிடைக்க மாட்டாள்.

அவள் சொல்லி முடித்த நேரம் பார்த்து வெள்ளைத்துரை உள்ளே வந்தார். நான் ஃப்ரேமைப் பார்த்துக்கொண்டிருந்தது போதும் அவருக்கு. இடது பக்கமாகச் சிங்கம் வந்ததும், வண்டியை முகர்ந்ததும், வாயைத் திறந்ததும், தான் அசையாமல் நின்றதும் கையும் காலுமாக நடத்திக் காட்டினார். மோட்டார் வாங்க வந்திருந்த இரண்டு பேர் வந்த வேலையை மறந்து நின்றார்கள்.

"என்ன அன்னம், அப்புடித்தான?"

"ஆமா," என்றாள் அன்னக்கொடி, பில்லிலிருந்து தலையைத் தூக்காமல். அப்புறம் சரியான இடத்தில் இன்னொரு ஆமா.

6

இங்கேயே முடித்திருக்கலாம். புருஷனுக்கு ஒரு சிங்கம், பெண்டாட்டிக்கு ஒரு சிங்கம், வாசகருக்கு ஒரு காலி இடம். சுத்தமான முடிவு. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் வெள்ளைத்துரை என்னை வழியனுப்ப பஸ்ஸ்டாண்ட் வரைக்கும் வந்தார். அவருடைய ஃப்ளெக்ஸ் இன்னும் அங்கே தொங்கியது. வெயிலில் சிங்கம் வெளுத்திருந்தது. அவர் அதைப் பார்க்காமல் எனக்குப் பக்கத்தில் நின்றார். கடையில் இருந்த சத்தம் எதுவும் இப்போது அவரிடம் இல்லை.

"கோரிப்பாளையத்துல வாய் தொறந்தத எடுக்கச் சொன்னது நீங்கதானாமே. பீமாராவு சொன்னான். அப்பன்னா உங்களுக்கு எல்லாம் தெரியும்," என்றார்.

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"நாந்தான் தூங்கிட்டேன் டீச்சர். முழிச்சப்ப வண்டி போய்க்கிட்டு இருக்கு. அவ மொகத்தப் பாத்தேன். கடைல உக்காந்திருக்குற மொகம் இல்ல அது. என்னமோ மாதிரி இருந்தா. அன்னைலருந்து கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன், வாய் வரல. கேட்டு, அவ இல்லைன்னுட்டான்னா?" செருப்பால் மண்ணைக் கொஞ்சம் தள்ளினார். "டார்கெட்டு முடிச்சது அவ. கூட்டிட்டுப் போயி அவளுக்கும் ஒண்ணும் காட்டாமக் கூட்டியாந்துட்டனோன்னு இருக்கு. அவளாவது பாத்திருந்தா எனக்கு அது போதும். உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

ஒரே வார்த்தையில் அவரைச் சந்தோஷப்படுத்திவிடலாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லாதே என்று அவள் என்னிடம் கேட்டிருந்தாள்.

(ஒரு முடிவு: சொல்லிவிடுகிறேன். அவர் கடைக்கு ஓடுகிறார். 'எப்புடி இருந்துச்சு அன்னம்?' என்கிறார். தனியாக இருந்த சிங்கம் அதோடு பொதுவாகிவிடுகிறது.)

(இன்னொரு முடிவு: 'ஒன்றும் சொல்லவில்லை' என்கிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வெளுத்துப்போன ஃப்ளெக்ஸுக்கு அடியில் நடந்து கடைக்குப் போய், நாளைக்கும் வாய் திறந்த சிங்கத்தை நடித்துக் காட்டுகிறார். அவள் நாளைக்கும் ஆமா என்கிறாள்.)

(மூன்றாவதாக ஒன்று: நான் எதுவும்

என் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் விசில் கொடுக்கிறார், நான் ஏறியாக வேண்டும். சிங்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது யோசிக்காமல் வாயைத் திறந்தவள் நான். இந்த முறை மூடிக்கொள்கிறேன். நீங்கள் ஏறாமல் இங்கேயே நில்லுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.