மங்கலாக எடு

நிரஞ்சன் தன் குறும்படத்தில் நடிக்கக் கூப்பிட்டபோது நான் போட்ட ஒரே நிபந்தனை, என் முகம் தெளிவாகத் தெரியக்கூடாது என்பதுதான். அவனுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கதையே அப்படித்தானாம். நகரத்துக்கு வேலைக்குப் போன ஒரு பெண், தான் யார் என்று தனக்கே பிடிபடாமல் தவிக்கிறாள். அதனால் படம் முழுக்க அவள் முகம் மங்கலாக, ஈரக் கண்ணாடிக்குப் பின்னால், இல்லையென்றால் பாதி வெட்டுப்பட்டு வரும். அவனுக்கு அது கலை. எனக்கு வெறும் பயம்.

கொழும்பில் நான் வேலை செய்யும் காப்புறுதி அலுவலகத்தில், அப்பாவுக்கு ஹட்டன் டவுனில் புடவைக்கடை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா செத்துப் பத்து வருஷம். அம்மா மார்கிரட் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் கொழுந்து பறிக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த அன்று, தோட்டத்து ஆளா என்று ஒருத்தி கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து சொன்ன பொய், மூன்று வருஷமாக என்னோடு பஸ் ஏறி வருகிறது.

கடைசிக் காட்சியை தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் எடுத்தான். நான் கமராவுக்கு வெகு அருகில், அதையே பார்த்து நிற்கவேண்டும். பாதியில் முதுகுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கிவிட்டாள்.

"டெல்சி, சாப்பிட்டியா புள்ள?"

திரும்பினால் தொலைந்தேன், அவள் என் அம்மா என்பது பதிவாகிவிடும். காது கேட்காதவள் மாதிரி நின்றேன். இன்னொரு தரம் கூப்பிட்டாள். பிறகு கதவு திறக்கும் சத்தம். அதை வெட்டிவிடு என்று நிரஞ்சனிடம் சொல்ல வாய் வரவில்லை, ஏன் என்று கேட்பான். எப்படியும் வெட்டிவிடுவான் என்று நம்பிக்கொண்டேன்.

ஹட்டனில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பகலில் திரையிட்டார்கள். அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். என் கெட்ட நேரம், அலுவலகத்தில் பக்கத்து மேசை றிப்கா அறிவிப்பை ஃபோனில் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள். பக்கத்து டிக்கோயாவில் கடை வைத்திருக்கும் அவளுடைய மாமா ஹமீத், எந்தப் புடவைக்கடை என்று விசாரித்தாராம். அப்புறம் சொல்கிறேன் என்று மழுப்பினேன்.

கடைசிக் காட்சி வந்தது. திரையில் பாதியை அடைத்துக்கொண்டு என் முகம், மங்கலாக. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள் என் முகத்துக்குப் பின்னால் இருந்ததெல்லாம் மெல்லத் தெளிவானது. நிரஞ்சன் அன்று எனக்குச் சொல்லாமல் செய்த வேலை. பின்னால் அம்மா நின்றாள். தலையில் மாட்டிய கூடைக் கயிறு, சேலைக்கு மேல் கட்டிய படங்குச் சாக்கு, கறுத்த விரல்கள், எல்லாம் அவ்வளவு தெளிவு. கூப்பிட்டாள். பதிலுக்காக நின்றாள். அன்று நான் திரும்பவே இல்லை. அந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன். பார்க்க முடியவில்லை.

றிப்கா என் பக்கம் சாய்ந்தாள். "ஒங்கட பேரச் சொல்லித்தானே கூப்பிடுறாங்க. யாரிது?"

"அம்மா."

"அது படத்துல. நெசத்துல யாரு?"

இருட்டில் ஒரு பொய்க்குத் தாராளமாக இடம் இருந்தது.

"நெசமாவே எங்கம்மாதான்" என்றேன்.

அதற்குள் திரையில் அம்மா உள்ளே போய்விட்டிருந்தாள்.