அண்ணியின் ரத்தத்தில் நீலப் புள்ளிகள்

கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில், தூசி ஒவ்வாமையை ஆராயும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த சைகலுக்கு, தும்முகிறவர்களின் ரத்தம் வேண்டிய மட்டும் கிடைத்தது. அவளுடைய அண்ணன் கெங்கேஷ்கூடப் படுக்கையை விட்டு எழுந்ததும் தெருமுனை வரை கேட்கிற மாதிரித் தும்முவான். தூசியில் புரண்டாலும் தும்மாதவர்கள்தான் அகப்படவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களும் வேண்டுமே!

அண்ணி புருல்சா கையை நீட்டினாள். "என்னோடத எடுத்துக்கடி. என் வீட்ல தூசி இருந்தாத்தானே ரத்தத்துல இருக்கும்!" வெயில் வந்ததும் மெத்தைகளை முற்றத்தில் போட்டு அடித்து நொறுக்குகிறவள். பெருமை இல்லாமல் இருக்குமா?

முடிவு வந்த வாரம் அண்ணன் வீட்டில் விருந்து. பக்கத்து வீட்டு அனார்குலும் வந்திருந்தாள். தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சைகல் வாயை அடக்க முடியாமல் உளறிவிட்டாள். "அண்ணி, மெத்தையில கண்ணுக்குத் தெரியாம வாழுற தூசிப்பூச்சிய உங்க ரத்தமும் நல்லா அடையாளம் கண்டுக்குது!"

அனார்குல் ரொட்டியை வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கினாள். புருல்சாவின் முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் காலையிலேயே அவள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றாள். "காட்டு. எங்க இருக்கு அந்தப் பூச்சி?"

"பூச்சி இல்ல அண்ணி. அதோட கழிவுல இருக்குற புரதம். மூச்சோட உள்ள போயிடும்."

"கழிவா? கருமம்!"

சைகல் சிறு குழிகள் உள்ள தட்டை எடுத்து நீட்டினாள். "உடம்புல ஒரு உயிரணு அந்தப் புரதத்த நறுக்கி, துண்டு துண்டா வெளிய தூக்கிக் காட்டும். ரத்தத்துல காவல் காக்குற டி உயிரணு ஒவ்வொண்ணும் தனக்குப் பொருந்துற துண்டத்தான் கண்டுக்கும். கண்டா சேதி அனுப்பும். உங்க ரத்தத்துல அப்படி அனுப்பின எடந்தான் இந்த நீலப் புள்ளி."

"அப்ப நான் ஏன்டி தும்மல?"

"அண்ணனோட அணு கண்டதும் ஊரக் கூட்டிடும். உங்களோடது அனுப்புறது வேற சேதி. 'அட, நீதானா, போ'ன்னு விட்டுடும்."

புருல்சாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என் உடம்புல வாயடக்கம் உள்ளது அது ஒண்ணுதான் போல."

அத்தோடு விட்டாளா? தன் தெருவில் தும்மாத பெண்களை எல்லாம், அனார்குலை முன்னால் விட்டு, ரத்தம் கொடுக்க ஓட்டிக்கொண்டு வந்தாள். சைகலுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை மாதமாக அலைந்தாள் இதற்கு!

சோதனை முடிந்ததும் அண்ணி காதருகில் வந்தாள். "அனார்குலுக்கு எத்தன புள்ளி?"

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது அண்ணி."

"என்னோடத மட்டும் நாலு பேருக்கு நடுவுல சொன்ன?"

சைகலுக்குச் சுருக்கென்றது. "தப்புதான் அண்ணி. மன்னிச்சிருங்க."

"என்கிட்ட மன்னிப்புக் கேட்டா ஆச்சா? கேட்டுக்கிட்டிருந்தவங்ககிட்ட சொல்லு."

அடுத்து அனார்குல் வீட்டில் நடந்த விருந்தில் சைகல் எழுந்து நின்றாள். தூசிப்பூச்சி இல்லாத படுக்கை எங்கேயும் அபூர்வம், அண்ணி வீட்டைக் குறை சொன்னது தன் அதிகப்பிரசங்கித்தனம் என்றாள்.

"அப்ப உங்க வீட்லயும் உண்டா?" என்றாள் அனார்குல்.

"எங்க வீட்லதான் ரொம்ப ஜாஸ்தி. நான் மெத்தைய உதறியே மாசக்கணக்காச்சு" என்றாள் சைகல்.

விருந்தே குலுங்கியது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது புருல்சாதான்.