பொய்க்கு இறங்காத டிரில்

கூடுவாஞ்சேரி அருணகிரி ஒர்க்‌ஷாப்பில் உள்ள பன்னிரண்டு மில்லிமீட்டர் கார்பைடு டிரில், ஜாப் கார்டு என்கிற வேலைச் சீட்டில் பெயர் மாற்றி எழுதப்பட்ட இரும்பை 2023 ஆடி மாதம் முதல் துளைப்பதில்லை. இரும்புக்கு மேலே ஒரு முடி இடைவெளியில் நின்றபடி நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றும், இறங்காது. அலாரமும் அடிக்காது. அந்த மாதம் தக்காளி விலை ஏறிக் கிடந்ததால் ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

இரும்புக் கம்பிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் ஒரு முனையில் பெயிண்ட் அடித்து வைப்பார்கள். அருணகிரி ஒர்க்‌ஷாப்பில் ஈஎன் 8 ரகம் என்றால் மஞ்சள், அதைவிட உறுதியான ஈஎன் 24 என்றால் பச்சை. கடைசித் துண்டு வரை அடையாளம் இருக்க வேண்டும் என்பதால் பெயிண்ட் இல்லாத முனையிலிருந்துதான் அறுப்பார்கள். நெல் வயலைப் பிளாட் போட்டு விற்ற அன்றே 'தொழிலதிபர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்ட அருணகிரி, இந்த வழக்கத்தில் மகா கண்டிப்பு. பச்சை முனையில் ரம்பம் பட்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். ஆனால் பெயிண்ட் அடிப்பது அவரேதான், கதவைச் சாத்திக்கொண்டு, கைக்கு எந்த டப்பா கிடைக்கிறதோ அதிலிருந்து.

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் புதிதாக வரவிருந்த கேளிக்கைப் பூங்கா, தன் ராட்டினத்துக்குத் துளை போட்ட நாற்பத்தெட்டு இரும்புப் பின்கள் கேட்டிருந்தது. தொட்டில்கள் தொங்குவதே அந்தப் பின்களில்தான். கேட்டது ஈஎன் 24. அருணகிரி வாங்கியது ஈஎன் 8, முனையில் அடித்தது பச்சை. இரும்பின் பெயரைக் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் மெஷின் ஓட்டும் ஹெலன். டிப்ளமோ படித்தவள். அவள் தாத்தாவிடம் இதே ஊர்க்காரர்கள் கைநாட்டுதான் வாங்கினார்கள். அந்தக் குடும்பத்தில் கையெழுத்துக்கு மதிப்புள்ள வேலைக்குப் போன முதல் ஆள் அவள். பச்சையைப் பார்த்தாள், ஈஎன் 24 என்று எழுதினாள். டிரில் நின்றுவிட்டது.

மேதைகள் வந்தார்கள். டிரில் விற்கும் ரவிச்சந்திரன், ஒவ்வொரு இரும்புக்கும் ஒரு நிறம் போட்ட கேட்லாக்கைப் புரட்டி, டிரிலைக் குளிர்விக்கும் கூலண்ட் சரியில்லை என்றார். வாஸ்துக்காரர் நான்கு டன் மெஷினைக் கிழக்கே பார்க்கத் திருப்பினார். தரச்சான்றிதழ் அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். கடைசியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். டிரில் அதைத் துளைத்தது, அது எலுமிச்சம்பழம்தான் என்பதால்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஹெலனுக்கு, சாத்திய கதவுக்குப் பின்னால் அடித்த அந்தப் பச்சைமேல் சந்தேகம் வந்தது. கார்டில் இருந்ததை அடித்துவிட்டு ஈஎன் 8 என்று எழுதினாள். டிரில் வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கியது. அருணகிரிக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

"இவ்ளோதானா? நெசத்த எழுதி ஓட்டிக்கினே இரும்மா. அப்பால கார்ட மாத்திக்கலாம்."

"ராட்டினத்துல புள்ளைங்க ஏறும் சார். கார்டுல என் கையெழுத்து கீது."

"அதுக்குத்தான் சம்பளம்," என்றார்.

ஈஎன் 8 கார்டிலேயே நாற்பத்தெட்டும் துளைத்தாயிற்று. கார்டை மாற்ற அவள் மறுக்க, அவரே ஈஎன் 24 என்று வேறு கார்டு எழுதி, அவள் கையெழுத்தையும் போட்டார். லாரி வந்து நின்றபோது நாற்பத்தெட்டு பின்களிலும் துளைகள் மூடியிருந்தன. துளைத்தபோது உதிர்ந்து கூடையில் கிடந்த இரும்புச் சுருள்களையும் காணோம்.

வழக்கம்போல் பழி கூலிக்காரர் தலையில் விழுந்தது. 'கவனக்குறைவால் வேலைநீக்கம்' என்று ஹெலனுக்குக் கடிதம் தட்டி, நகலில் ஃபைலுக்காக இரண்டு துளை போட்டார் அருணகிரி. துளைகள் மூடிக்கொண்டன. மறுபடி போட்டார், மறுபடி மூடிக்கொண்டன. பிறகு அவர் சட்டையின் பொத்தான் துளைகள் மூடின, அதன்பின் பெல்ட்டின் ஐந்து துளைகளும். தொழிலதிபர் இரண்டு நாள் ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டே வியாபாரம் பேசினார். மூன்றாம் நாள் ஹெலனைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கிழித்தார்.

"போதுமாம்மா? பேஜாரா கீது. என் பேண்ட்ட வுட்டுடு."

"உங்க பேண்டுக்கும் எனக்கும் இன்னா சார்? இரும்ப மாத்துங்க."

நிஜமான ஈஎன் 24 வந்தது. டிரில் கீச்சிட்டுக்கொண்டே அந்த உறுதியான இரும்பில் இறங்கியது. துளைகள் துளைகளாகவே இருந்தன, பெல்ட்டும் திறந்தது. சுற்றுவட்டார ஒர்க்‌ஷாப் முதலாளிகள் திரண்டுவந்து பார்த்தார்கள். எந்தக் கம்பெனி டிரில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள், தப்பித்தவறி அதை வாங்கிவிடக் கூடாதே என்று. அருணகிரி ஒர்க்‌ஷாப்பில் அதற்குப் பிறகு உண்மையைத்தான் எழுதுகிறார்கள்; வேறு எதை எழுதினாலும் வேலை நடப்பதில்லை.

மறு வருடம் தை மாதத்து ஞாயிறு ஒன்றில் ராட்டினம் திறந்தார்கள். பின் செய்து கொடுத்தவர்களுக்கும் இலவச டிக்கெட் வந்தது. ஹெலன் ஏறினாள். ராட்டினம் உச்சிக்குப் போனபோது அவளுக்குக் கடலும் தெரிந்தது, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் தெரிந்தது. அந்தப் பின்கள் அத்தனையும் அசல் என்று அருணகிரிக்கும் தெரியும். ஆனாலும் தலை சுற்றும் என்று சொல்லிவிட்டு, அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார்.