மாங்கோவுக்கு வெயில்

நிலாணி ஜாக்கெற்றைக் கழற்றாமலே படியிறங்கி வந்தாள். இரண்டு கைகளிலும் மீன்கடையில் கொடுக்கிற, சூடோ குளிரோ வெளியே போகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி. அதற்குள் சுடுதண்ணீர்ப் போத்திலுக்குப் பக்கத்தில், துணிப்பையில் சுருண்டபடி மாங்கோ. மாங்கோ அவள் வளர்க்கிற அவுஸ்திரேலிய உடும்பு, வாலோடு சேர்த்து ஒன்றேகால் முழம் வரும். தகப்பன் சுலக்சன் பெட்டிக்குக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பிரிந்து போன தகப்பன் கனடாவின் பிக்கரிங்கில் வாடகைக்கு இருக்கிற பேஸ்மன்ற் வீட்டுக்கு இன்றைக்குத்தான் முதல்முதலாக வருகிறாள். தாய் துர்க்கா காரை விட்டு இறங்காமலே மில்லிக்கனில் இருக்கிற தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். உடும்பை விட்டுவிட்டு நிலாணி எங்கேயும் தங்கமாட்டாள். அதனால் பேச்சு இதுதான்: இங்கே மாங்கோவுக்கு வெயில் சரியாக அமைந்தால் மகள் ஞாயிறு பின்னேரம் வரை நிற்பாள், இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவாள். சரிவராவிட்டால் நாலு மணிக்குத் துர்க்கா வந்து கூட்டிக்கொண்டு போவாள்.

ஐந்து மாதமாகச் சுலக்சன் மகளைக் கோப்பிக்கடைகளில்தான் பார்த்து வந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பிப் போகிற பிள்ளையிடம் என்னத்தைப் பேசுவது? உடும்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பாள். ஆகவே லீவு கிடைத்த நாளெல்லாம் பலகை அறுத்து, கண்ணாடி பூட்டி, மண் நிரப்பி அதற்கு ஒரு கூடு செய்தான். புறஊதாக்கதிர்க் குழாய்விளக்கைக்கூட அவள் எழுதித் தந்த லிஸ்ற்படியே வாங்கி மாட்டினான். சூட்டுக்கு மட்டும் சொந்த மூளையைப் பாவித்தான். வினையே அங்கேதான்.

அவனுக்கு வேலை ஸ்காபரோவில் ஒரு ரேக்அவுட் சாப்பாட்டுக் கடையில். அங்கே றோல்ஸும் பற்றீஸும் ஆறிப் போகாமலிருக்க மேலே ஒரு பெரிய பல்ப் தொங்கும். மட்டன் றோலை மூன்று மணித்தியாலம் சூடாக வைத்திருக்கிற பல்ப் ஓர் உடும்பைச் சூடாக்காதா என்ன? முதலாளி சண்முகநாதன் அண்ணையிடம் மிச்சமாகக் கிடந்த ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து பூட்டிவிட்டான். பூட்டிய அன்று தன் கெட்டித்தனத்தை நினைத்துத் தனியே சிரித்தும் கொண்டான்.

நிலாணி பெட்டியைக் கதிரையில் வைத்தாள். ஜாக்கெற் பொக்கற்றிலிருந்து துவக்கு மாதிரியான சின்ன வெப்பமானியை எடுத்து, கூட்டுக்குள் பல்புக்குக் கீழே கிடந்த கல்லுக்கு நேராகப் பிடித்தாள்.

"நடுவில நைன்ரி ரூ டிகிரி," என்றாள். ஓரத்துக்கு நகர்த்தினாள். "இங்க வெறும் தேட்டி." பிறகு அண்ணாந்து பார்த்தாள். "இது எங்கத்தையான் லைற்?"

"கடையில... றோல்ஸுக்கு மேல போடுறது."

"அப்பா, மாங்கோ றோல்ஸ் இல்லை."

பகிடிக்குச் சொல்லவில்லை. "முதுகு பேர்ண் ஆகும், வால் குளிர்ந்துபோய்க் கிடக்கும். முழு பொடிக்கும் ஒரேமாதிரி ஹீற் வேணும், அபவுட் ஃபிஃப்ரி ஃபைவ். லிஸ்ற்ல எழுதித் தந்தனான்." போனை எடுத்தாள். "அம்மாவை வரச் சொல்லட்டா?"

கோபமே இல்லாத குரல். அதுதான் அவனைச் சுட்டது. 'உதெல்லாம் ஒண்டும் செய்யாது' என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பதினாலு வருடம் துர்க்காவுக்கு அவன் எல்லாவற்றுக்கும் சொன்ன பதில் அது. அதை விழுங்கிக்கொண்டு, சட்டைக் கையை மடித்து, கையை நீளமாகக் கல்லின்மேல் வைத்தான். உள்ளங்கை பொசுங்கியது, முழங்கை குளிர்ந்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

"ஓம். பிழை என்னிலதான்," என்றான். "நீ சொன்னதை நான் கேக்கேல்லை. கடைக்குப் போவம். நீ பாத்து எடு."

அப்பா அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் அவனுடைய கையையே பார்த்தாள். "மாங்கோவும் வரும்," என்றாள்.

ஹாட்வெயார் கடையில் இப்போது சூடாகாத பல்புகளுக்குத்தான் மதிப்பு. பெட்டிக்குப் பெட்டி அதையே பெருமையாக அடித்திருந்தார்கள். சூடாகிற பழைய ஜாதி கீழ்த்தட்டின் மூலையில் கிடந்தது. சுலக்சன் குந்தியிருந்து, இருந்ததில் பெரியதை எடுத்தான். நிலாணி வாங்கி, பெட்டியை வாசித்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"இது ஸ்பொட். ஒரு இடத்திலதான் விழும். ஃபிளட் எண்டு இருக்கிறதை எடுங்கோ, அது அகலமா விழும்."

"பெரிசா ஒண்டு காணாதோ?"

"சின்னன் மூண்டு. பக்கத்தில பக்கத்தில."

மூன்று பல்பும் மூன்று பீங்கான் ஹோல்டரும் எடுத்தார்கள். வழி முழுக்கப் பெட்டி அவள் மடியிலேயே இருக்க வீட்டுக்கு வந்து, அவள் ரோச் வெளிச்சம் பிடிக்க அவன் றோல்ஸ் பல்பைக் கழற்றிவிட்டு வயர் பூட்டினான். கல் சூடேற அரை மணித்தியாலம் காத்திருந்தார்கள். கல்லின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளந்தாள். ஐம்பத்து நாலு, ஐம்பத்தாறு, ஐம்பத்து மூன்று. அப்போதுதான் துணிப்பையைக் கூட்டுக்குள் வைத்து அவிழ்த்தாள்.

மாங்கோ மூலையில் ஒட்டிக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. அசையவில்லை. நாலாக இன்னும் பத்து நிமிடம். சுலக்சன் அதன் கண்ணில் படாமல் ஓரமாக விலகி நின்றான். இருந்த இருப்பில் அது விறுவிறுவென்று கல்லில் ஏறி, வயிற்றை அப்பளமாகத் தட்டையாக்கி, நாலு காலையும் பரப்பிப் படுத்துக் கண்ணை மூடியது. வால் நுனிவரை வெளிச்சத்துக்குள் இருந்தது.

நிலாணியின் பொக்கற்றுக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், அம்மாதான். பெருவிரலால் என்னவோ தட்டினாள், திரும்ப உள்ளே போட்டாள்.

"இங்க சரியான ஹொட்," என்று ஜாக்கெற் ஸிப்பைக் கீழே இழுத்தாள்.

கதவுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஓர் ஆணி. அதில் தொங்கிய தன்னுடைய ஜாக்கெற்றைச் சுலக்சன் எடுத்துச் சோபாவில் போட்டுவிட்டு, அவளிடம் கையை நீட்டினான். இந்த முறை கொடுத்தாள்.