இரண்டு பேர் பேசக்கூடிய படகு

கொச்சியில், தோப்பும்படியில் ஒரு படகுப் பட்டறை. வெங்கிடாசலம் அங்கே படகுகளுக்கு வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். மட்டாஞ்சேரியில் அரிசி மண்டி ஒன்றின் மாடியறையில் தனியாகக் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் பேசவில்லை என்பது, திங்கள் காலை தொண்டை கரகரக்கும்போதுதான் அவருக்கு உறைக்கும்.

1957இல் சுக்கு வியாபாரி மொய்து ராவுத்தர் பட்டறைக்கு வந்தார். மனைவியோடு காயல் வழியே ஆலப்புழை போய், இரண்டு ராத்திரி படகிலேயே தங்கித் திரும்ப ஒரு மோட்டார் படகு வேண்டும் என்றார். வெங்கிடாசலம் ஐந்து மாதம் வரைந்தார். இருபத்திநாலு அடி நீளம். சின்னப் பாலங்களுக்கு அடியில் நுழையும்படி தாழ்ந்த கூரை. உள்ளே இரண்டு படுக்கை, ஒரு ஸ்டவ். எடை சமமாக இருக்கட்டும் என்று டீசல் எஞ்சினை நடுவில், இரண்டு படுக்கைக்கும் இடையே பெட்டிக்குள் வைத்தார். படகு தயாரானதும் தனியாகவே இடக்கொச்சி வரை ஓட்டிப் பார்த்தார். ஒழுகவில்லை, ஒரு பக்கம் சாயவுமில்லை.

ஆலப்புழை போய்வந்த மறுநாள் ராவுத்தரும் மனைவி ரபியாவும் பட்டறைக்கு வந்தார்கள்.

"போட்டு நல்லாத்தான் இருக்கு சார்," என்றாள் ரபியா. "ஆனா அதுல இருந்துக்கிட்டு ஒரு வர்த்தமானம் பேச முடியல. இவரு வாயசைக்கிறது தெரியுது, ஒண்ணும் கேக்கல. நீங்க ஓட்டிப் பாத்தப்ப தெரியலையா?"

"தெரியலம்மா. நான் தனியாத்தான் போனேன்."



எஞ்சினைப் படகின் பின்கோடிக்குத் தள்ளினால் பின்பக்கம் தண்ணீரில் அமுங்கும். அதனால் பின்பக்கத்தை அகலமாக்கி, அடியைத் தட்டையாக்கி மறுபடி வரைந்தார். எஞ்சினுக்கும் அறைக்கும் நடுவே இரட்டைப் பலகைத் தடுப்பு, இடையில் தேங்காய் நார். 1960இல் வேறொருவருக்காக அந்தப் படகு தயாரானது. உள்ளே உட்கார்ந்து பேசிப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். யாரைக் கூப்பிடுவதென்று நான்கு நாள் யோசித்துவிட்டு, ராவுத்தர் வீட்டுக்கே போய்க் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினார்கள். சுக்கான் பின்னால், எஞ்சினை ஒட்டி இருந்தது. வெங்கிடாசலம் அங்கே நின்றார். தடுப்புக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தபோது ரபியா எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ராவுத்தர் இல்லையென்று தலையாட்டினார். இடக்கொச்சி வரும்வரை அவர்கள் பேச்சு ஓயவில்லை. வெங்கிடாசலத்துக்கு எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லாக் கேக்குது," என்றார் ராவுத்தர், கரையில் இறங்கி.

"ஓட்டுறவரும் உள்ளேயே இருக்கலாமே," என்றாள் ரபியா.

"சுக்கான் பின்னாலதானேம்மா இருக்கு."

"நீங்க வரைஞ்சதுதானே சார்?"

மூன்றாவது வரைபடத்தில் ஸ்டியரிங்கை அறைக்குள் முன்பக்கம் கொண்டுவந்து, கம்பிக் கயிற்றால் சுக்கானோடு இணைத்தார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார ஒரு இருக்கையும் போட்டார். 1963இல் அது தண்ணீரில் இறங்கியது. அதற்குள் ராவுத்தர் கடையை விற்றுவிட்டு ரபியாவோடு பாலக்காடு போய்விட்டிருந்தார்.

வெங்கிடாசலம் தனியாகக் கிளம்பினார். வெயில் தாழ்ந்திருந்தது. பாதி வழியில், பக்கத்து இருக்கையின் பக்கம் திரும்பி, "தாகமா இருக்கா?" என்று கேட்டார். தன் குரல் தெளிவாகக் கேட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார், தூரத்தில் ஒரு வள்ளம் போய்க்கொண்டிருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் சோதனைத் தாளில், 'சாதாரணமாகப் பேசினால் கேட்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வரைபடத்தில் பட்டறை பிறகு ஒன்பது படகுகள் கட்டியது.