செந்தமிழன் சாப்பிட்ட வரகுச்சோறு

பழமலைநாதனுக்குச் சக்கரை இருப்பது தெரிந்த நாளிலிருந்து அவன் மனைவி ஆதிலட்சுமி அரைமணி நேரம் முன்னாடியே எழுந்துவிடுவாள். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் கேட்டு வந்திருந்தாள். அரிசிச் சோறு போய், அளவாக வரகுச்சோறு வந்தது. அதைவிடக் கூடுதலாகக் காய், கீரை, ஒரு கை சுண்டல். கெட்ட கொழுப்பும் ஏறியிருந்ததால் எண்ணெயை ஸ்பூனால் அளந்துதான் ஊற்றினாள்.

அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு செராமிக் கம்பெனிக்குப் போவான். கப்புகளைச் சூளையில் அடுக்கும் வேலை. மதியம் டப்பாவைத் திறந்தால், "என்னாண்ணே, பத்தியச் சோறா?" என்று யாராவது கேட்பார்கள். வயித்துக்கோளாறு என்று சொல்லிச் சமாளித்தான். நாற்பத்தாறு வயதில் நோயாளி என்று பேர் வாங்க அவனுக்கு மனசில்லை.

கூட வேலை செய்யும் செந்தமிழன், மனைவி இறந்த பிறகு ஓட்டல் பார்சலிலேயே காலம் தள்ளுகிறவன். நாலாம் நாள் பழமலைநாதன், "மாத்திக்கலாமா?" என்றான்.

"வூட்டுச் சாப்பாடாண்ணே? குடுங்க."

அன்று ஆரம்பித்தது மூன்று மாதம் ஓடியது. மாத்திரைதான் போடுகிறோமே, ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டான். சாயந்திரம் காலி டப்பாவைப் பார்த்து ஆதிலட்சுமி சந்தோஷப்படும்போது மட்டும் வேறுபக்கம் திரும்பிக்கொள்வான்.

மறுபடி ரத்தம் எடுத்தபோது சக்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பதிலிருந்து ஒன்பதரை ஆகியிருந்தது. கொழுப்பும் இறங்கவில்லை.

"நான்தான் எங்கயோ தப்பு பண்றன் டாக்டரம்மா," என்றாள் ஆதிலட்சுமி. "வரக இன்னும் கொறைக்கட்டுமா? சுண்டல நிறுத்திடட்டுமா?"

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவன் சொல்லிவிட்டான். "நீ ஒரு தப்பும் பண்ணல லட்சுமி. நீ குடுத்தத நான் சாப்பிடவே இல்ல."

கருவேப்பிலங்குறிச்சி பஸ் வந்து, ஆள் ஏறி, கிளம்பிப் போனது.

"யாரு சாப்ட்டாங்க?"

"செந்தமிழன்."

"பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாமே."

"நாலு பேரு முன்னாடி அதத் தின்னா சீக்காளி ஆயிட்ட மாதிரி இருந்துச்சு."

"இப்ப மட்டும் என்னா ஆயிருக்கீங்க?"

மூன்றாம் நாள் செந்தமிழனே ஒரு சீப்பு பூவம்பழத்தோடு வந்து நின்றான்.

"அண்ணி, போன வருஷம் எனக்குச் சக்கரை வர்ற மாதிரி இருக்குதுன்னு சொன்னாங்க. நேத்து பார்த்தா நார்மலாம். எல்லாம் உங்க கைச் சோறுதான்."

ஆதிலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளதைச் சொன்னான். செந்தமிழன் பழத்தைக் கீழே வைத்துவிட்டான். "தெரிஞ்சிருந்தா கை நீட்டியிருப்பனாண்ணே?"

"நீங்க என்னா பண்ணுவீங்க தம்பி," என்றாள் அவள். "திங்கக்கிழமையிலருந்து ரெண்டு டப்பாவா குடுத்து விடறன்." காய்கறி தன் பொறுப்பு என்றால்தான் வாங்கிக்கொள்வேன் என்று செந்தமிழன் பிடிவாதம் பிடித்தான்.

திங்கட்கிழமை மதியம் பழமலைநாதன் எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான். யாரும் கேட்கும் முன்பே, "எனக்குச் சக்கரை. கொழுப்பும் இருக்குது," என்றான். யாரும் சிரிக்கவில்லை. பொம்மைக்கு வர்ணம் அடிக்கும் வளர்மதி எப்போதும் தனியாகச் சுவர் ஓரம் சாப்பிடுவாள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"எனக்கும்தாண்ணே. அஞ்சு வருஷமாச்சு. வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும்." அவனுடைய டப்பாவை எட்டிப் பார்த்தாள். "வரகு இவ்ளோ உதிரியா வருதே, அண்ணி எவ்ளோ தண்ணி வைக்கறாங்க?"

"கேட்டுட்டு வந்து சொல்றன்," என்று முதல் கவளத்தை எடுத்தான். ஆறிப்போயிருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.