தூங்குகிறவனின் குளிர்

விடிவதற்குள் தாயம்மாள் இரண்டு அண்டா வெந்நீர் காய்ச்சிவிடுவாள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்திருக்கும். அம்பத்தூரில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் கம்பெனியின் முதலாளி ஜம்புலிங்கம் தம் தொழிலாளர்களுக்கென்று கட்டிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர்களின் உடம்பு சில்லிட்டுப் போகாமல் காப்பது ஆயாக்களின் வேலை. வெந்நீரைப் புட்டிகளில் அடைத்து, துணி சுற்றி, தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்த பிறகே கம்பளிக்குள் வைப்பாள். தூங்குகிறவன் சுடுகிறது என்றும் சொல்லமாட்டான், குளிர்கிறது என்றும் சொல்லமாட்டான்.

எழுபத்திரண்டில் ஆபரேஷன் அறைக்கு ஏர்கண்டிஷன் இயந்திரம் வந்தது. அதற்கு மாலை போட்டார்கள். நோயாளிகளுக்கு அந்த மரியாதை செத்த பிறகுதான். ஜம்புலிங்கம் கம்பளிக் கோட்டு அணிந்து வந்து ரிப்பன் வெட்டினார். புகைக்கரி போட்டோவில் அசிங்கமாக விழுகிறதென்று வெந்நீர் அடுப்பை இடிக்கச் சொன்னார். புதிய அறைக்குப் பொருந்தாதென்று பழைய கம்பளிகளும் கிடங்குக்குள் பூட்டப்பட்டன.

மறுநாள், பிரஸ்ஸில் கை நசுங்கிய கலியமூர்த்தியை மயக்கத்தில் போட்டு அறுத்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் தாயம்மாள் அவன் உள்ளங்காலைத் தொட்டாள்.

"டாக்டரே, காலு ஐஸாட்டம் கீது. மிசினை நிறுத்துங்க."

உதறி வைத்த தெர்மாமீட்டரில் பாதரசம் முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை. டாக்டர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். வெளியே முதலாளி விருந்தினர்களுக்கு இயந்திரத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம் பொறு. அவங்க போயிடட்டும்."

விருந்தினர்கள் சூடாகக் காப்பி குடித்து முடிக்க ஒரு மணி நேரமாயிற்று.

கலியமூர்த்தி பல் கிட்டிக்க நடுங்கியபடி விழித்தான். சாயங்காலம் நடுக்கம் நின்றது. மூச்சும் நின்றது.

"அவன் உடம்பு வாகு அப்படி," என்றார் ஜம்புலிங்கம். "லண்டன்ல இதைவிடக் குளிர்."

"லண்டன்ல துணி போட்டுக்கினு இருப்பாங்க மொதலாளி. இவனை அம்மணமா இல்ல படுக்க வச்சீங்க," என்றாள் தாயம்மாள்.

"வாயை மூடு. நாளன்னிக்கு பேபிக்கு ஆபரேஷன். தள்ளிக்கிட்டு வா."

கோணலாகச் சேர்ந்த கை எலும்பை உடைத்துக் கட்ட வந்தவள் பேபி, பிரஸ் பிரிவுக்காரி. அன்று காலை அவளைப் படுக்கவைத்த தள்ளுவண்டியை ஆயாக்கள் வராந்தாவிலேயே நிறுத்தினார்கள். வார்டுபாய் வேம்புலி சக்கரத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"அடுப்பு வரட்டும், கம்பளி வரட்டும். அப்பால தள்றோம்," என்றாள் தாயம்மாள்.

"போலீஸைக் கூப்பிடுவேன்," என்றபடி வந்தார் ஜம்புலிங்கம்.

பேபி எழுந்து உட்கார்ந்தாள். "கூப்புடுங்க மொதலாளி. முழிச்சிக்கினு கீறப்பவே சொல்லிடறேன், எனக்குக் குளுருது."

கலியமூர்த்தியோடு வேலை செய்தவர்கள் வாசல் வழியாக ஒவ்வொருவராக வந்து வேம்புலியின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வராந்தா நிறைந்து, படிக்கட்டும் நிறைந்தது.

கம்பெனியில் வேலைக்குக் கூப்பிடும் எட்டு மணிச் சங்கு ஊதியது. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் ஊதியது.

"ஊதட்டும் மச்சான்," என்று வேம்புலி இன்னொருவனுக்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டான்.